ஓடு இறங்கும் வரை

முழக்கோலை இறவாரத்துக்குள் விட்டுக் கூரைப்புல்லை லேசாகத் தூக்கிப் பார்த்தார் அர்த்தனாரி மேஸ்திரி. "புல்லு புதுசாட்டமா இருக்குதுங்களே கவுண்டரே. இதையா எறக்கப் போறீங்க?" என்றார். வேலப்பன் மனைவியைப் பார்த்தான். இருசாயி குழந்தையை ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "எறக்கத்தானுங்க உங்கள வரச் சொன்னது" என்றாள்.

புல் புதிதுதான். அந்தக் கூரைக்கு வயது ஒன்றுகூட ஆகவில்லை. பங்குனியில் மேல்வீட்டு அடுப்பிலிருந்து கிளம்பிய பொறி காற்றோடு வந்து இவர்கள் கூரையில் உட்கார்ந்தபோது, வேலப்பனும் இருசாயியும் காட்டில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கைக்குழந்தை செல்லமுத்து தாயின் முதுகில் இருந்தான். மூத்தவள் அத்தாயி காய்ச்சலென்று வீட்டுக்குள் படுத்திருந்தாள். காய்ந்த புல் எரிந்து விழுவதற்கு ஒரு வாய் வெற்றிலை மெல்லும் நேரம் போதும். புகையைப் பார்த்து ஓடி வந்தபோது மண்சுவர்கள் மட்டும் சிவந்து நின்றன. அதன் பிறகு நடந்ததை இருசாயி யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. மலைமேல் எடப்புளி நாட்டின் அந்தச் சிற்றூர்க்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தங்கள் வீட்டுக்கென்று சேர்த்து வைத்திருந்த புல்லைக் கொண்டுவந்து, காரியம் முடிந்த கையோடு ஒரே பகலில் வீட்டை வேய்ந்து கொடுத்தார்கள். கூலி என்ற பேச்சே அங்கே கிடையாது. இன்று உன் கூரை, நாளை என் கூரை.

அந்த முறைக்கு ஒரு மரியாதை உண்டு. வேலைக்கு ஆட்கள் வந்து சேரும்போது, வீட்டுக்காரன் பழைய கூரையைப் பிரித்து இறக்கி, அதைத் தாங்கும் கைமரங்களைத் துடைத்து வைத்திருக்க வேண்டும். பிரிக்காத வீட்டுக்கு ஆளைக் கூப்பிடுவது உலை வைக்காமல் விருந்துக்குக் கூப்பிடுவது போல. அப்படிக் கூப்பிட்டவன் பெயர் அவன் பேரன் காலம் வரைக்கும் ஊர்ச் சிரிப்பில் புழங்கும். இறக்கிய புல் மறுபடி எந்த வீட்டின் மேலும் ஏறக் கூடாது, காட்டுக்கு எருவாகத்தான் போக வேண்டும். இதெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. பாறைமேல் நடக்கப் பழகுவதுபோல் தானாகவே வருவது.

ஊர் கூடி வேய்ந்த அந்தக் கூரையின் கீழே இருசாயி ஒருநாள்கூடப் படுக்கவில்லை. வாசல் பாறையில் பாயை விரித்துக் குழந்தையை அணைத்துக்கொண்டு கிடந்தாள். தூறல் விழுந்தால் கதவோரம் வந்து உட்கார்ந்து, ஒரு கால் வெளியே இருக்கும்படி விடியும்வரை விழித்திருந்தாள். அடுப்பையும் வெளியே கொண்டுவந்துவிட்டாள். ஆடி மாதத்துக் காற்றில் குழந்தைக்குச் சளி கட்டி நெஞ்சு கர்கரென்று இழுத்தபோது வேலப்பன் கெஞ்சிப் பார்த்தான். "ஓடு போடறதுன்னா சொல்லுங்க. இல்லீன்னா இவனத் தூக்கிக்கிட்டுக் கீழ்நாட்டுக்குப் போயிக் கூலி வேல செஞ்சு பொழச்சுக்கறேன். இன்னொண்ண நெருப்புக்குத் தர என்கிட்ட இல்ல" என்றாள். அவள் வீம்புக்குச் சொல்பவள் அல்ல. வேலப்பனுக்கு அது தெரியும்.

அந்தப் பக்கத்தில் ஓடு போட்ட கட்டடம் காட்டு பங்களா ஒன்றுதான். அதைப் பழுதுபார்க்கத்தான் அர்த்தனாரி மேலே வந்திருந்தார். மலையடிவாரத்துப் புளியஞ்சோலைப் பக்கத்து மனிதர். ரோடு என்று ஒன்று வரப்போவதாகப் பேச்சிருந்ததே தவிர, அன்றைக்குச் சீமை ஓடு ஒவ்வொன்றும் மனிதத் தலையில்தான் மலையேற வேண்டும். கூலிக்குக் காசாகக் கொடுக்க வேலப்பனிடம் எதுவுமில்லை. வீட்டுக்குப் பின்னால் இறங்கும் சரிவில் பலா மரங்களும் அவற்றைச் சுற்றி ஏறிய மிளகுக் கொடிகளும் இருந்தன. உப்பு, துணி, மண்வெட்டி எல்லாம் அந்தக் கொடிகளிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

மலையில் பேரம் பேசுவது கௌரவக் குறைவு. ஒருவன் ஒன்றைக் கேட்டால் முடிந்தால் கொடுப்பார்கள், முடியாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். மேஸ்திரி எதைக் கேட்டிருந்தாலும் வேலப்பன் தலையாட்டியிருப்பான். ஆனால் இருசாயி துறையூர்ச் சந்தைக்கு மிளகு சுமந்து போய் வந்தவள். தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டியிருப்பதை இரண்டு தரம் ஏமாந்து மூன்றாம் தரம் கண்டுபிடித்தவள். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பதை அங்கே கற்றுக்கொண்டாள்.

"அஞ்சு மாசி மிளகு. அஞ்சு வருசத்துப் பறிப்பு பூராவும்" என்றார் மேஸ்திரி.

"மூணு" என்றாள் இருசாயி. "மிளகு மட்டுந்தானுங்க. மரமும் காயும் எங்களுது. வழியில ஒடையற ஓடு உங்க கணக்கு. அடுத்த ஐப்பசியில ஒழுகுனா நீங்களே ஏறி வந்து பாக்கோணும்."

வேலப்பன் தரையைப் பார்த்தான். வீட்டுக்கு வந்த மனிதரிடம் இவ்வளவு கறாராகப் பேசுவது அவனுக்குக் கூச்சமாக இருந்தது. இருசாயி அவன் பக்கம் திரும்பவேயில்லை.

"இன்னும் ஒண்ணுங்க. ஓடு பூராவும் இந்த வாசல்ல வந்து எறங்கற வரைக்கும், இருக்கற கூரையில ஒரு புல்லக்கூட ஆரும் தொடப்படாது."

மேஸ்திரி இப்போதுதான் முதல் தடவையாக அவளை நன்றாகப் பார்த்தார். பிறகு சிரித்தார். "தாசில்தாராட்டம் பேசறீங்களே தாயி. ஆகட்டுங்க. நீங்க சொன்னதே சரி." வேலப்பன் கொண்டுவந்து வைத்த ராகிக் களியை மறுக்காமல் உட்கார்ந்து சாப்பிட்டார். கீழ்நாட்டுக்காரர்கள் மலை வீடுகளில் கை நனைப்பது அபூர்வம். அவர் சாப்பிட்டதும் வேலப்பனின் முகம் மலர்ந்துவிட்டது. வீட்டு உப்பைத் தின்றவன் அந்த வீட்டுக்குத் தீங்கு நினைக்க மாட்டான் என்பது மலையின் நம்பிக்கை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கீழ்நாட்டிலும் சொல்வார்கள்தான். சொல்வதோடு சரி.

புரட்டாசி முடியும்வரை ஓடு வரவில்லை. கேட்டால் நாளை, நாளை மறுநாள் என்று பதில் வந்தது. அந்த நேரத்தில்தான் திண்ணனூர் நாட்டில் கட்டிக்கொடுத்திருந்த தங்கை கண்ணாயிக்குப் பேறுகாலம் சிக்கலாகிவிட்டதென்று ஆள் வந்தது. இருசாயி குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். கிளம்பும்போது, "நான் வர்ற வரைக்கும் கூரை கூரையா இருக்கட்டுங்க" என்றாள். வேலப்பன் "செரி" என்றான். பொய்யாகச் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு சுமைக்காரன் வழியாகச் சேதி வந்தது. ஓடு கிளம்பிவிட்டது, வெள்ளிக்கிழமை ஆட்களோடு வாரேன் என்று மேஸ்திரி சொல்லியனுப்பியிருந்தார். கூரையைப் பிரித்து வை என்று அவர் சொல்லவில்லை. அந்தச் சேதியை வேலப்பன் எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் அதில் அந்த வார்த்தை இல்லை. ஆனால் ஆட்கள் வருகிறார்கள். தலையில் ஓட்டைச் சுமந்துகொண்டு, அத்தனை ஏற்றம் ஏறி, இவன் வீட்டுக்காக வருகிறார்கள். வந்து நிற்கும்போது பழைய கூரை அப்படியே இருந்தால்?

அவனுடைய பங்காளி, பெரியப்பன் மகன் குப்புசாமி, அன்றைக்கு மாலை வந்து உட்கார்ந்தான். "ஆளு வாராங்கன்னாங்களே, நீ இன்னும் பிரிக்காம இருக்கற?" என்று கேட்டான்.

"இருசா வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிருக்கறா."

"அது அந்த மேஸ்திரி கெட்ட எண்ணத்துல மின்னமே பிரிச்சுப் போடப்படாதுங்கறதுக்கு. நம்ம ஊட்ட நாம பிரிக்கறதுக்கென்ன? வாரவங்க நம்ம ஊரப் பத்தி என்ன நெனப்பாங்க?"

வேலப்பனுக்கு அது நியாயமாகப் பட்டது. நிபந்தனை மேஸ்திரிக்குப் போட்டது, தனக்கல்ல. உப்புத் தின்ற மனிதரை ஆட்களோடு வெறுமனே நிற்க வைப்பது அவனால் நினைத்துப் பார்க்கக் கூடியதாக இல்லை. ஓட்டு வீடு கட்டப் போகிறவன் என்ற சின்னப் பொறாமையை ஓரமாக வைத்துவிட்டு ஊரே வந்தது. காலையில் ஏறி உச்சிப்பொழுதுக்குள் கூரையை முழுதாக இறக்கி, கைமரங்களைத் துடைத்து, புல்லை வழக்கப்படி கேழ்வரகுக் காட்டில் கொண்டுபோய்ப் பரப்பி மாட்டை விட்டு மிதித்துவிட்டார்கள். நல்ல மனசோடு செய்தார்கள். அதுதான் இன்றைக்கும் ஆறாத விஷயம், ஒருவனைக்கூடத் திட்டுவதற்கில்லை.

வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, தங்கைக்குப் பேறு முடிந்து எதிர்ச் சரிவின் ஒற்றையடிப் பாதையில் திரும்பி வந்துகொண்டிருந்த இருசாயி தன் வீடு இருக்கும் இடத்தைப் பார்த்தாள். அங்கே கைமரங்கள் வெறுமனே தெரிந்தன. பங்குனியில் எந்த இடத்திலிருந்து புகையைப் பார்த்தாளோ அந்த இடம் அல்ல அது, ஆனாலும் முதுகிலிருந்த குழந்தையை மடிக்கு இழுத்துக்கொண்டு பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து நடந்தாள். வீட்டுக்கு வந்து, உள்ளே போய், நடுவீட்டில் நின்று மேலே பார்த்தாள். மேகம் கிழக்கிலிருந்து அடுக்கடுக்காக ஏறிக்கொண்டிருந்தது.

"ஓடு எங்கீங்க?" என்றாள்.

வேலப்பன் துடைத்து வைத்த கைமரங்களைப் பார்த்தான்.

"ஓடு எங்கீங்கன்னு கேட்டேன்."

"வாரேன்னு சொல்லி உட்டாரு இருசா."

அவள் அவனை அடித்திருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். எரிந்து இறுகிய சுவர் ஒன்றுதான் பழையது. மற்றதெல்லாம் நெருப்பில் வெடித்துச் சரிந்ததால் கூரைக்குக் கீழே பிறகு புதிதாக வைத்த பச்சை மண். தலையில் கூரையில்லாமல் ஒரு நல்ல மழையைத் தாங்காது. சுவர் விழுந்தால் தை பிறந்து வெயில் வரும்வரை மறுபடி மண் வைக்க முடியாது. அதுவரை யார் வீட்டிலாவது புல்லுக்குக் கீழேதான் குழந்தையைப் படுக்கவைக்க வேண்டும்.

மேஸ்திரி அன்று பகலிலேயே தனியாக வந்தார். ஆள் இல்லை, ஓடு இல்லை. கையில் மடக்கிய குடை. வாசல் பாறையில் உட்கார்ந்து வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"என்ன வேலப்பா, இப்பிடி அவசரப்பட்டுட்ட. நான் பிரிக்கச் சொன்னனா?"

"இல்லீங்க."

"ஆராச்சும் கேட்டா அதையுஞ் சொல்லு." வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். "மழை எறங்கப் போகுதுன்னு சுமை ஆளுங்க ஏற மாட்டேங்கறாங்க. ஏறுனா ரெட்டைக் கூலிங்கறாங்க. மாசி வரைக்கும் மிளகுக்குக் காத்துக்கிட்டு நான் கையில இருக்கறதப் போட முடியாது. பின்னால இருக்கற சரிவ எழுதிக் குடுத்துடு. கொடி, மரம், மண்ணு, எல்லாஞ் சேத்து. மிளகு நீயே பறி, நான் கூலி தாரேன். ஊடு உன்னோடதுதான்."

"பேசுனது அது இல்லீங்களே" என்றாள் இருசாயி.

"பேசும்போது ஊட்டு மேல கூரை இருந்துச்சே தாயி."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சந்தையில் விலை ஏறிவிட்டது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். முன்பே திட்டம் போட்டுத்தான் சேதியனுப்பினாரா, அல்லது வழியில் போகிறவன் திறந்த கதவைப் பார்த்து நுழைவதுபோல் நுழைந்தாரா என்று இருசாயிக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் இப்போது ஒன்றுதான். அவள் அவர் எதிரில் வந்து நின்றாள்.

"மொதல்ல ஓடு எறங்கட்டுங்க. அப்பறம் எழுதித் தாரோம்."

"மொதல்ல கைநாட்டு. அப்பறந்தான் ஓடு ஏறும். நாலு நாள்ல ஏறிரும்."

"நாலு நாளுக்குச் சுவரு நிக்காதுங்க."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்று எழுந்துகொண்டார். "நான் பங்களாவுலதான் இருக்கறேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அவர் போன பிறகு வேலப்பன் சுவரோரம் குந்தி முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். இருசாயி கேழ்வரகுக் காட்டுக்கு ஓடினாள். சேற்றில் மிதிபட்டுக் கிடந்த புல்லில் நீளமாக இருந்ததை எல்லாம் பொறுக்கிக் கட்டுக் கட்டாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். குப்புசாமி ஓடிவந்து வழியை மறித்தான்.

"எறக்குன புல்லு ஏறப்படாது கண்ணு. எந்த ஊட்டுலயும் செஞ்சதில்ல."

"எம்புள்ள மேல நெருப்பு ஏறுச்சே மாமா. அதை எந்த வழக்கம் வந்து தடுத்துச்சு?"

குப்புசாமி நகர்ந்துகொண்டான். புல்லுக்குப் பயந்து ஓட்டைக் கேட்டவள், இப்போது அந்தப் புல்லையே கைமரத்தில் கட்டினாள். மாடு மிதித்த புல் கட்டுக்குள் நிற்கவில்லை, முறிந்து முறிந்து விழுந்தது. கொஞ்ச நேரத்தில் குப்புசாமி தன் ஆட்டுப் பட்டியின் கூரையைப் பிரித்துச் சில கட்டுகளைக் கொண்டுவந்து பேசாமல் வைத்துவிட்டுப் போனான். ஊரில் வேறு யாரிடமும் புல் இல்லை. சேர்த்து வைத்ததையெல்லாம் பங்குனியில் இவர்களுக்கே கொடுத்துவிட்டார்கள். புதுப்புல் முற்றி அறுப்புக்கு வரத் தை ஆகும். குப்புசாமி கொடுத்தது ஒரு சுவரின் தலையை மூடுவதற்குப் போதுமாக இருந்தது. மற்றவற்றின் மேல் வாழை இலையும், கோரைப்பாயும், இருசாயியின் கலியாணச் சேலையும் போட்டுக் கல்லை வைத்தார்கள்.

மறுநாள் விடிந்து அடுப்பு மூட்டும் நேரத்தில் மழை பிடித்தது. முதலில் காற்று வந்து வாழை இலைகளைக் கிழித்தது. பிறகு சேலை பறந்து சரிவில் எங்கேயோ போயிற்று. வீட்டுக்குள் தண்ணீர் மஞ்சளாக நின்றது. இருசாயி குழந்தையைக் குதிருக்குள் இறக்கி, குதிரின் வாயை முறத்தால் மூடிவிட்டு, வெளியே வந்து மேற்குச் சுவரில் இரண்டு கைகளையும் வைத்து நின்றாள். சுவர் உள்ளங்கையில் களிபோல் குழைந்தது. குதிருக்குள்ளிருந்து செல்லமுத்து அழுதான். அவன் நெஞ்சு மறுபடி இழுப்பது மழைச் சத்தத்திலும் கேட்டது.

"நான் போயி மேஸ்திரியக் கூட்டியாறேன்" என்றான் வேலப்பன்.

அவள் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லாததற்காகப் பிறகு தன்னையே வெறுத்தாள்.

மேஸ்திரி குடையோடு வந்தார். கூட்டிவந்த வேலப்பன் அவருக்குப் பின்னால் நனைந்துகொண்டு வந்தான். வாசல் பாறையில் ஒரு பலகையை வைத்து, மேல்சட்டைக்குள்ளிருந்து காயிதத்தை எடுத்து விரித்தார். குடையை அதன்மேல் சாய்த்துப் பிடித்தார். அவருடைய தோளும் முதுகும் நனைந்தன, காயிதத்தில் ஒரு துளி விழவில்லை.

இருசாயி சுவரிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள். "நாலு நாளைக்குள்ள ஓடு எறங்காட்டிச் சரிவு எங்களுக்கேன்னு அதுல எழுதுங்க."

"எழுதியிருக்குது தாயி."

அவள் சுவரை விட்டுவிட்டு வந்து காயிதத்தைக் குனிந்து பார்த்தாள். வரிவரியாகக் கறுப்பு எழுத்துகள். எந்த வரியில் அது எழுதியிருக்கிறது என்று கேட்க நினைத்தாள். விரலை எங்கே வைத்துக் காட்டினாலும் அவள் நம்பித்தான் ஆக வேண்டும். தெரிந்தும் கேட்டாள்.

"எங்கீங்க?"

மேஸ்திரி ஓரிடத்தில் விரலை வைத்தார். அவள் அந்த இடத்தையே வெகுநேரம் பார்த்தாள். பின்னால் மேற்குச் சுவரிலிருந்து ஒரு பாளம் கழன்று, சாணி விழுவதுபோல் மெத்தென்று உள்ளே விழுந்தது. குழந்தையின் அழுகை ஒரு கணம் நின்று, மறுபடி கேட்டது.

வேலப்பன் மனைவியைப் பார்த்தான். இருசாயி யாரையும் பார்க்கவில்லை. அவன் கட்டைவிரலை மைப்பெட்டியில் அழுத்திக் காயிதத்தின் பக்கம் கொண்டுபோனான். அதற்குள் மழை அந்த மையைக் கரைத்து மணிக்கட்டு வரைக்கும் ஒழுக விட்டது. "ஈரக் கையை வெச்சுப் பாழ் பண்ணிராத" என்ற மேஸ்திரி அவன் கையைப் பிடித்துக் குடைக்குள் இழுத்துக்கொண்டார். இடுப்பிலிருந்து துண்டின் காய்ந்த முனையை உருவி, அந்த ஒரு விரலை மட்டும் நிதானமாகத் துடைத்தார். ஈரம் போய்விட்டதா என்று வாயால் ஊதிப் பார்த்தார். பிறகு அதை மறுபடியும் மைப்பெட்டியில் வைத்து அழுத்தினார்.